இன்னும் கொஞ்சம் ஊதினால்

சுண்ணாம்புத் தெளிநீரில் ஊதினால் பால் மாதிரி வெளுக்கும். பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் இது தெரியும். மூச்சில் இருக்கும் கரியமில வாயுவைக் கண்ணால் காட்ட இதைவிட மலிவான வழி கிடையாது. வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, ராத்திரி முழுக்கத் தெளியவிட்டு, மேலாக இறுத்து எடுத்தால் போதும். குழல் வைத்து ஊதினால் வெள்ளை. ஆசிரியை கரும்பலகையில் 'கால்சியம் கார்பனேட்' என்று எழுதுவார். மணி அடித்துவிடும்.

நான் மணி அடித்த பிறகும் ஊதினேன். அறிவியல் ஆர்வமெல்லாம் இல்லை. பக்கத்து பெஞ்சுக்காரியோடு யார் அதிக நேரம் ஊதுவது என்று பந்தயம். ஊத ஊத வெள்ளை மங்கியது. தண்ணீர் மறுபடி தெளிய ஆரம்பித்தது. எதையோ கலந்து கெடுத்துவிட்டேன் என்று ஆசிரியை திட்டினார். வேறு சோதனைக் குழாயில் திரும்பச் செய்து, வெள்ளையாக இருக்கும்போதே நிறுத்தி, மதிப்பெண் வாங்கிக்கொண்டேன்.

எதுவும் கெடவில்லை. கரியமில வாயு கொஞ்சம் போனால் சுண்ணாம்பு பிறக்கிறது, அளவு மீறினால் பிறந்த சுண்ணாம்பே கரைந்துபோகிறது. கடல் கண்ட பழைய பேரழிவுகள் சிலவற்றுக்கு அந்த இரண்டாவது பாதியில் விளக்கத்தின் ஒரு பங்கு இருக்கிறது. அது எனக்குப் புரிய முப்பது வருஷம் ஆனது. நடுவே ஒரு பெருங்கடலையும் தாண்ட வேண்டியிருந்தது.

எனக்கு ஊர் அரியலூர் பக்கம். அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் சின்ன ஆய்வகத்தில் வேலை பார்த்தார். வெட்டியெடுத்த கல்லில் சொட்டு அமிலம் விட்டு, 'சீறுதா?' என்று பார்ப்பது அவருடைய வேலையில் ஒரு பங்கு. சீறினால் சிமென்ட் ஆலைக்கு. சீறாவிட்டால் ஓரத்துக் குவியலுக்கு. அந்தக் கல் முழுக்கக் கிளிஞ்சல்தான். கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுரங்கங்களில் உள்ளங்கை அகலத்துக்குச் சிப்பிகள் அடுக்கடுக்காகக் கிடக்கும். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அங்கே ஆழம் குறைந்த கடல் இருந்தது. சில சமயம் சுருள் சுருளாக அம்மோனைட் வரும், எப்போதோ அழிந்துபோன கடல் பிராணியின் கல்லான ஓடு. எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் பாட்டியின் சாளக்கிராமம் இருந்தது. அதுவும் அம்மோனைட்தான், கண்டகி ஆற்றிலிருந்து வந்தது. நேபாளத்திலிருந்து வந்ததற்குப் பால் அபிஷேகம். எங்கள் ஊரில் கிடைத்தது நேராகக் கிரஷருக்குப் போகும். (இப்போது வாரணவாசியில் இவற்றுக்கென்று அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த மட்டும் சந்தோஷம்.)

கல்யாணமாகி டர்பன் வந்தேன். 1860 நவம்பரில் மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் கரும்புத் தோட்டத்துக்கு முதல் கூலிகளை இறக்கிய ஊர். மாமனாரின் பாட்டன் அதற்குச் சில வருஷம் கழித்து வந்தவர். ஒப்பந்தம் முடிந்ததும் கரும்பை விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விட்டார். மூன்று தலைமுறை கரைவலை இழுத்த குடும்பம். ஜூன், ஜூலையில் தெற்கிலிருந்து குளிர்ந்த நீரோடு சார்டின் கூட்டம் கரையை ஒட்டி வரும்போது, மாமாவின் அப்பா மேட்டில் நின்று கடலின் நிறத்தைப் பார்த்தே வலை போடச் சொல்வாராம். மாமாவுக்கு இப்போது 78 வயது. முழங்கால் ஒத்துழைக்காது. ஆனால் ஜூன் பிறந்தால் பால்கனியில் நாற்காலி போட்டாக வேண்டும்.

நான் தண்ணீர் பரிசோதிக்கும் வேலை பார்க்கிறேன். குடிநீர், நீச்சல் குளம், சில சமயம் கடல் நீர். நாள் முழுக்க, தண்ணீர் அமிலமா காரமா என்று அளக்கிற பி.எச். மீட்டரோடு வாழ்க்கை. முன்பு வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில், கடல் நீர் 8.1 காட்டினால் என்ன, 8.2 காட்டினால் என்ன, வாடிக்கையாளர் கேட்பதைப் போட்டுவிடு என்பார் மேலாளர். நானும் கொஞ்ச நாள் போட்டேன். அந்த 0.1 எவ்வளவு பெரியது என்று உட்கார்ந்து கணக்குப் போட்ட அன்றுதான் உறைத்தது. பி.எச். மடக்கை அளவு. 8.2 என்பது 8.1 ஆனால், அமிலத்தன்மையைத் தீர்மானிக்கும் ஹைட்ரஜன் அயனிகள் ஏறக்குறைய 26 சதவீதம் கூடிவிட்டன என்று அர்த்தம். நம் ரத்தத்தில் பி.எச். அவ்வளவு இறங்கினால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். தொழிற்புரட்சிக்குப் பிறகு உலகக் கடலின் மேல்மட்டம் இறங்கியிருப்பதும் சுமாராக அதே 0.1தான்.

சரி, கடல் நீர் இதனால் அமிலமாகிவிடவில்லை. 8.1 இன்னமும் காரம்தான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சிப்பியும் பவளமும் ஓடு கட்ட, தண்ணீரில் இருக்கும் கார்பனேட் அயனி வேண்டும். கரியமில வாயு தண்ணீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகி, ஹைட்ரஜன் அயனியை உதிர்க்கும். உதிர்ந்தது சும்மா இருக்காமல் கார்பனேட்டைப் பிடித்துக்கொண்டு பைகார்பனேட்டாக்கிவிடும். செங்கல் முழுக்க எதிரே இருக்கிறது, ஆனால் எல்லாவற்றையும் வேறு யாரோ அச்சாரம் கொடுத்துப் பிடித்துவிட்டார்கள் என்றால் கொத்தனார் என்ன செய்வார்? அந்த நிலைமை. இன்னும் மோசமானால் கட்டிய சுவரே கரைய ஆரம்பிக்கும்.

இதற்குக் கடலிடம் ஒரு மாற்று ஏற்பாடு இருக்கிறது. மேலே வாழ்ந்து மடிந்த நுண்ணுயிர்களின் ஓடுகள் கோடிக்கணக்கான வருஷமாக விழுந்து விழுந்து, கடலடியில் வெள்ளைச் சுண்ணாம்புச் சேறாகப் படிந்திருக்கின்றன. கடல் புளித்தால் அந்தச் சேறு கரைந்து புளிப்பை முறிக்கும். வயிற்றெரிச்சலுக்கு ஜெலுசில் குடிக்கிற மாதிரி. நிலத்துப் பாறைகள் மழையில் அரித்து ஆற்றோடு வருவதும் அதே வேலையைச் செய்யும். எவ்வளவு கரியமில வாயு வந்தாலும் கடைசியில் கடல் கணக்கை நேர் செய்துவிடும். ஆனால் அது நேர் செய்வது ஆயிரம், லட்சம் ஆண்டுக் கணக்கில். மேல்மட்டத்து நீர் அடியைப் போய்ப் பார்த்துவிட்டு வரவே சுமார் ஆயிரம் வருஷம் ஆகும்.

அதனால்தான் பழைய அழிவுகளைப் பற்றிப் படிக்கும்போது 'எவ்வளவு வாயு' என்பதைவிட 'எவ்வளவு சீக்கிரம்' என்பதையே முதலில் தேடுகிறேன். எங்கள் ஊர்க் கல் படிந்த கிரிட்டேசியஸ் காலத்தில் காற்றில் கரியமில வாயு இன்றைவிட அதிகமாக இருந்த கட்டங்கள் உண்டு. அந்தக் காலத்தில்தான் எங்கள் ஊர்ச் சிப்பிகள் உள்ளங்கை அகலத்துக்குச் சுகமாக வளர்ந்தன. மெதுவாக ஏறினால் கடல் கூடவே தன்னைச் சரிசெய்துகொண்டு வந்துவிடும். இதைச் சொல்லாமல், 'அன்றைக்கும் இருந்ததே, சிப்பி சாகவில்லையே' என்று வாட்ஸப்பில் வாதம் செய்கிறவர்கள் எங்கள் குடும்பத்திலேயே இரண்டு பேர் உண்டு.

தென்னாப்பிரிக்காவின் அதிசயம் என்னவென்றால், கடலைக் கொன்ற ஆயுதங்களில் ஒன்று இங்கே மலையாக நிற்கிறது. டிராக்கன்ஸ்பர்க். டர்பன்காரர்கள் பனி பார்க்கவும் பிரியாணி டப்பாவைத் திறக்கவும் போகிற மலை. இரண்டு வருஷம் முன்பு சானி கணவாய் வழியாக லெசோத்தோ எல்லைக்கு ஏறினோம். உச்சி 2876 மீட்டர். வளைவுக்கு வளைவு மகள் வாந்தி எடுத்தாள். அவள் முதுகைத் தடவியபடி நான் ஜன்னல் வழியே பார்த்தது கருங்கல் படிக்கட்டு. ஒரு படி என்பது ஒரு முறை பொங்கி வழிந்து ஆறிய எரிமலைக் குழம்பு. அப்படி ஒன்றன்மேல் ஒன்றாக 1400 மீட்டருக்கும் மேல். 18 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, இந்தியாவும் ஆப்பிரிக்காவும் அண்டார்க்டிகாவும் ஒட்டியிருந்த கோண்ட்வானா கிழியத் தொடங்கிய சமயத்தில் பொங்கியது.

வெளியே வழிந்ததைவிட உள்ளே புகுந்ததுதான் அதிகச் சேதம் செய்தது. இந்த நாட்டின் உட்பகுதியான கரூ சமவெளியில் தட்டைத் தலைக் குன்றுகள் நிறைய உண்டு. தலையில் தொப்பி மாதிரி இருப்பது டொலரைட். குழம்பு தரைக்கு வராமல், படிவப் பாறை அடுக்குகளுக்கு நடுவே கத்தி மாதிரி நுழைந்து உறைந்தது. அது நுழைந்த அடுக்குகளில் பழைய தாவரங்களின் கரியும் நிலக்கரியும் நிறைந்திருந்தன. பூமிக்கடியில் தோசைக்கல் போட்ட மாதிரி அத்தனையும் வெந்து, மீத்தேனாகவும் கரியமில வாயுவாகவும் மாறி, தரையைப் பிளந்துகொண்டு வெளியேறின. வாயு வெடித்துக் கிளம்பிய குழாய்கள் மேற்குக் கரூவில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. நிலவியலாளர் ஹென்ரிக் ஸ்வென்சன் குழுவினர் 2007ல் இதை விரிவாக எழுதினார்கள்.

தண்டனை கிடைத்தது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்த கடல்களுக்கு. ஜெர்மனியின் ஹோல்ஸ்மாடனிலும் இங்கிலாந்தின் யார்க்ஷயர் கரையிலும் அந்தக் காலத்துப் பாறை கறுப்பாக இருக்கிறது. கறுப்பு என்றால் அடியில் ஆக்சிஜன் இல்லை, செத்து விழுந்தது மக்காமல் அப்படியே கிடந்தது என்று பொருள். ஹோல்ஸ்மாடனில் இக்தியோசார்கள் (மீன் வடிவக் கடல் ஊர்வன) தோலின் சுவட்டோடு கிடைப்பது அதனால்தான். அருங்காட்சியகத்தில் பார்க்க அழகு. அது உருவான கடல் பிணவறை.

ஆக்சிஜன் ஏன் போகிறது என்பதற்குக் கோடைக்காலக் குளம் ஒன்றைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தண்ணீர் சூடாகச் சூடாக மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். வெந்நீரில் வாயு தங்காது. கடலில் கூடுதலாக இரண்டு விஷயம். மேல் நீர் சூடாகி லேசாகிவிட்டால் அடியோடு கலக்காது. மேலே இருக்கும் ஆக்சிஜன் மேலேயே நின்றுவிடும். வெப்பத்தில் நிலத்துப் பாறை வேகமாக அரித்துப் பாஸ்பேட் கடலில் சேரும்போது பாசி பொங்கும். அது செத்து அழுகி, மிச்சமிருந்த ஆக்சிஜனையும் தின்னும். அதுவும் தீர்ந்தபின் சல்பேட்டைச் 'சுவாசிக்கிற' பாக்டீரியாக்கள் வேலையை எடுத்துக்கொண்டு ஹைட்ரஜன் சல்பைடை விடும். அழுகிய முட்டை நாற்றம், உயிர்களுக்கு விஷம்.

இதன் சின்ன ஒத்திகை இந்த நாட்டின் மேற்குக் கரையில் அவ்வப்போது நடக்கிறது. 2022 மார்ச்சில் எலண்ட்ஸ் பேயில் சுமார் 500 டன் சிங்கி இறால் கடலை விட்டு நடந்து கரையேறியது. 1997ல் அதே கரையில் ஏறத்தாழ 2000 டன். செம்பாசி பொங்கி அழுகியதில் கரையோரத் தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது. எஞ்சிய கொஞ்சத்தைத் தேடி அவை அலை உடைகிற விளிம்புக்கு வந்தன. அலை பின்வாங்கியதும் மணலில் மாட்டிக்கொண்டன. ஊர் மக்களும் சிப்பாய்களும் உயிரோடிருந்ததைப் பொறுக்கித் திரும்ப விட்டார்கள். இதை டிவியில் காட்டியபோது நாங்கள் ராச்சாப்பாட்டில் இருந்தோம். மாமா கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"மீனுக்கும் மூச்சுதாம்மா. தண்ணியில இல்லன்னா தரையில தேடும்."

"தரையில கிடைக்காதே மாமா."

"அதுக்கு அது தெரியாதே" என்று விட்டுவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

அந்த ஒத்திகை சில நாள், சில கிலோமீட்டர். 25 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, பெர்மியன் காலத்தின் முடிவில், அது உலகம் முழுக்க நடந்தது. சைபீரியாவில் எரிமலைக் குழம்பு நிலக்கரி, உப்புப் படிவங்களுக்குள் புகுந்தது. நம் டிராக்கன்ஸ்பர்க் கதைதான், இன்னும் பெரிய அளவில். வெப்பமண்டலக் கடல் பத்து டிகிரி போலச் சூடேறியது. கடல் உயிரினங்களில் பத்தில் எட்டோ ஒன்பதோ போய்விட்டன. இருபத்தைந்து கோடி ஆண்டுக்கு மேல் தாக்குப்பிடித்த, ஓடு போர்த்திய கடல் பூச்சி போன்ற டிரிலோபைட் வம்சத்தின் கடைசித் துளியும் அதில்தான் முடிந்தது. அக்காலப் பவளங்கள் மொத்தமாக அழிந்தன. இன்று நாம் பார்க்கும் வகைப் பவளங்கள் தலைகாட்ட ஒரு கோடி ஆண்டு பிடித்தது. சீனாவின் மெய்ஷான் கல்குவாரியில் இந்த எல்லை சாண் அகலத்துக்குள் அடங்கிவிடுகிறது. அங்கிருக்கும் எரிமலைச் சாம்பலின் வயதை அளந்து, அழிவு நடந்து முடிய சுமார் 60,000 ஆண்டுதான் ஆனது என்று 2014ல் கணக்கிட்டார்கள். பாறைக் கணக்கில் அது கண்ணிமை நேரம்.

யார் செத்தார்கள், யார் பிழைத்தார்கள் என்ற பட்டியலில்தான் எனக்குக் கண் நிற்கும். உடம்புக்குள் திரவத்தின் புளிப்பைத் தானே சரிசெய்துகொள்ள முடியாத, ஆனால் கனமான சுண்ணாம்பு ஓடு கட்டுகிறவை அதிகம் செத்தன: பவளம், சிப்பி போலத் தோன்றும் பிராக்கியோபாட் போன்றவை. செவுளும் ரத்த ஓட்டமும் சுறுசுறுப்பும் உள்ளவை ஓரளவு தப்பின. வீடு எவ்வளவு பெரிதாகக் கட்டினாய் என்பது உதவவில்லை. அதைப் பராமரிக்க உள்ளே என்ன வைத்திருந்தாய் என்பதுதான் கேள்வியாக இருந்தது.

இந்தப் பெர்மியன் எல்லையைப் பார்க்கலாமென்று கரூவுக்கும் போனேன். நியூ பெதஸ்டாவில் கிட்சிங் புதைபடிம மையம் இருக்கிறது. பன்றி அளவில், இரண்டு கொம்புப்பல் நீட்டிய லிஸ்ட்ரோசாரஸ் எலும்புகளைக் காட்டினார்கள். அழிவுக்குப் பிறகு தரையை ஆண்ட பிராணி. இந்தியாவில் ராணிகஞ்ச் பக்கமும் அண்டார்க்டிகாவிலும் கிடைப்பதால், கண்டங்கள் ஒட்டியிருந்தன என்பதற்குச் சாட்சி. ஆனால் கரூவில் கடல் இல்லை. அது ஆற்று வண்டல். அங்கே நிலத்து உயிர்கள் செத்ததும் கடலில் செத்ததும் ஒரே சமயமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. லூட்ஸ்பர்க் கணவாய்ப் பக்கத்துச் சாம்பல் அடுக்கின் வயது 25.3 கோடிக்கு மேலே போவதைக் காட்டி, நிலத்து மாற்றம் முன்னதாகவே நடந்துவிட்டது என்று ஒரு தரப்பு வாதிடுகிறது. நான் சண்டையில் தலையிடவில்லை. காரில் திரும்பும்போது மாமா, "ஒன்பது மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்து பன்னி எலும்பு பாத்தமா?" என்றார்.

எனக்கு நிஜமாகவே தூக்கம் கெட்டது வால்விஸ் மலைத்தொடரால். அதைக் காரில் போய்ப் பார்க்க முடியாது. நமீபியாவின் கரையிலிருந்து அட்லாண்டிக்கின் அடியில் தென்மேற்கே நீளும் மலைத்தொடர். 2003ல் ஒரு துளையிடும் கப்பல் அதன் சரிவில் வெவ்வேறு ஆழங்களில் துளைபோட்டு மண் தண்டுகளை எடுத்தது. ஒரே சம்பவத்தை மாடி மாடியாகப் பார்க்கிற மாதிரி. தண்டின் படத்தைப் பார்த்தால் யாருக்கும் புரியும். கீழே வெளிறிய சுண்ணாம்பு. திடீரென்று செம்பழுப்புக் களிமண். சுண்ணாம்பு கிட்டத்தட்ட பூஜ்யம். அப்புறம் மேலே கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துப் பழைய நிறம். 5 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு காற்றில் கார்பன் பெருகி, உலகம் 5 டிகிரிக்கு மேல் சூடானபோது, கடலடிச் சுண்ணாம்பு கரைந்த தடம் அது. எந்த ஆழத்துக்குக் கீழே சுண்ணாம்பு தங்காமல் கரையுமோ, அந்தக் கோடு சில ஆயிரம் ஆண்டுகளில் 2 கிலோமீட்டருக்கும் மேல் ஏறிவிட்டது. ஆழ்கடல் சேற்றில் வாழ்ந்த ஃபோராமினிஃபெரா என்ற ஓடு கட்டும் நுண்ணுயிர் வகைகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை அழிந்தன. ஏறிய கோடு பழையபடி இறங்க லட்சம் ஆண்டுக்கு மேல் பிடித்தது.

பள்ளிக்கூடத்தில் நான் செய்த அதே சோதனைதான். யாரோ ஊதிக்கொண்டே இருந்தார்கள்.

கவனிக்க வேண்டியது வேகம். அந்தச் சூடேற்றம் தொடங்கிய கட்டம் குறைந்தது 4000 ஆண்டு நீடித்தது. ஆண்டுக்கு வெளியான கார்பன் சுமார் 110 கோடி டன்னைத் தாண்டியிருக்காது என்பது 2016ல் வந்த கணக்கு. இன்று நாம் எரிப்பதிலிருந்து போவது ஆண்டுக்குச் சுமார் 1000 கோடி டன் கார்பன். ஒன்பது மடங்கு. அதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. அன்று மேல்மட்ட உயிர்கள் ஓரளவு தப்பியதற்கு, கடலுக்குத் தன் அடித்தளத்துச் சுண்ணாம்பை எட்டி எடுக்க அவகாசம் இருந்தது ஒரு காரணம். இன்று அந்த அவகாசம் இல்லை. அடியில் சுண்ணாம்பு மலை மலையாக இருக்கிறது, மேலே ஓடு மெலிகிறது. வங்கியில் பணம் இருந்து, ஏடிஎம் ஆயிரம் வருஷம் கழித்துத் திறக்கும் என்றால் அந்தப் பணம் எதற்கு?

அப்பாவின் தொழிலும் இந்தக் கணக்கில் வருகிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சூளையில் நீற்றினால் 56 கிலோதான் மிஞ்சும். 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். எரிக்கிற கரி தனி. 7 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு சிப்பி கடலிலிருந்து எடுத்துத் தன் வீட்டில் பூட்டிவைத்த கார்பனை, அப்பா அமிலம் விட்டுச் சோதித்து, சூளைக்கு அனுப்பி, காற்றில் விட்டிருக்கிறார். அதில் ஒரு பங்கு இந்த டர்பன் கடலில் கரைந்து, இன்னொரு சிப்பியின் ஓட்டைக் கட்டவிடாமல் பிடிக்கிறது. அந்தச் சம்பளத்தில்தான் நான் வேதியியல் படித்தேன். அப்பாவிடம் ஒருமுறை போனில் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வீடு எல்லாருக்கும் வேணும்ல?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் வீடும் சிமென்ட்தான்.

போன மாதம் அமாவாசையை ஒட்டி, கடல் நன்றாக உள்வாங்கும் நாளாகப் பார்த்து மாமாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு ம்சாம்பா போனோம். போர்ட் எட்வர்டைத் தாண்டி, ம்டம்வூனா ஆற்றின் தெற்கே. டர்பனிலிருந்து இரண்டு மணி நேரம். அலை இறங்கினால் கரையில் ஒரு பாறைத் தளம் வெளியே வரும். 8 கோடி ஆண்டுக்கு முந்தைய கடலடி. கல்லாகிப்போன மரத்தண்டுகள் கிடக்கின்றன. சாத்தனூர்க் கல்மரத்தைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அதைப் பார்த்ததும் பிறந்த வீட்டு ஞாபகம். நடுநடுவே வண்டிச் சக்கரம் மாதிரி அம்மோனைட் அச்சுகள்.

கேப்டன் கார்டன் என்ற ராணுவ அதிகாரி இங்கே பொறுக்கியதை 1855ல் லண்டனில் வில்லியம் பெய்லி விவரித்து எழுதினார். அதற்கு ஒன்பது வருஷம் முன்புதான் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரத்துக் கல் சிப்பிகளை விவரித்திருந்தார். இரண்டுக்கும் ஒரே சாயல். கார்டனின் பெயரைச் சூட்டப்பெற்ற அம்மோனைட் வகை தென்னிந்தியப் பாறைகளிலும் பதிவாகியிருக்கிறது. ட்ரூரோ கப்பலுக்கு வெகு முன்னாலேயே இந்த இரண்டு கரைக்கும் போக்குவரத்து இருந்திருக்கிறது.

ம்சாம்பா அம்மோனைட்டுகள் அழிவைப் பார்க்கவில்லை. அது அவற்றுக்கு ஒன்றரைக் கோடி ஆண்டு கழித்து, 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வந்தது. மெக்சிகோவின் யுகடானில் விண்கல் விழுந்த இடத்துப் பாறையில் கந்தகச் சத்து ஏராளம். அது ஆவியாகி அமில மழையாக இறங்கியது. நெதர்லாந்தின் ஒரு குகையிலிருந்து எடுத்த நுண்ணோடுகளில், பழைய பி.எச்.சின் தடயமான போரான் ஐசோடோப்பை அளந்து, கடலின் மேல்மட்டத்தில் பி.எச். சட்டென்று 0.25 போல இறங்கியது என்று 2019ல் கண்டார்கள். மேல்மட்டத்தில் மிதந்த ஃபோராமினிஃபெரா இனங்களில் பத்தில் ஒன்பது போயின. முப்பது கோடி ஆண்டுக்கு மேல் இருந்த அம்மோனைட் வம்சமும் போயிற்று. அதன் ஒன்றுவிட்ட உறவான நாட்டிலஸ் மட்டும் இன்றும் நீந்துகிறது. ஒரு விளக்கம் எனக்குப் பிடிக்கும்: அம்மோனைட் குஞ்சுகள் கடுகளவு, மேல்மட்டத்தில் மிதந்தவை. நாட்டிலஸ் பெரிய முட்டையாகச் சில மட்டும் இடும், ஆழத்தில் இருக்கும். அடி விழுந்தது மேல்தட்டில். பிள்ளைகளை எங்கே வளர்த்தார்கள் என்பதே வம்சத்தைத் தீர்மானித்துவிட்டது.

மாமா பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, ஒரு பெரிய அச்சின் பக்கத்தில் குனிந்து, சுருளைக் கடைசி வளையத்திலிருந்து நடுவரைக்கும் விரலால் தடவிக்கொண்டு போனார். மகள் ஒரு துண்டை எடுத்துப் பையில் போடப் பார்த்தாள். புதைபடிமத்தை அனுமதி இல்லாமல் எடுப்பது இந்த நாட்டில் குற்றம் என்று பிடுங்கி வைத்தேன். மாமாவுக்குச் சிரிப்பு. "வலை போட்டாலும் பெர்மிட், கல்லு எடுத்தாலும் பெர்மிட்."

போட்டோ எடுத்து, ஒன்றும் எழுதாமல் அப்பாவுக்கு அனுப்பினேன். தண்ணீர் திரும்ப ஏறத் தொடங்கியிருந்தது. மாமாவைக் கைபிடித்து மணலுக்குக் கொண்டுவந்தேன். கார் கதவைத் திறக்கும்போது அப்பாவின் குரல் பதிவு வந்தது. பின்னால் சிமென்ட் லாரியின் ஹாரன் சத்தம்.

"ரொம்பப் பெருசா இருக்கேம்மா. எந்தச் சுரங்கத்துல எடுத்தது?"